சோவியத் நுண்செயலிகள்: எது நகல், எது சொந்தம், அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்

“சோவியத் நுண்செயலிகள் எல்லாமே அமெரிக்கச் சில்லுகளின் நகல்கள்தானா? அப்படியானால் இன்றும் சிலர் அவற்றைத் தேடி வாங்கி, உறையை உடைத்து, படம் எடுத்து ஆராய்வது எதற்கு? ஒன்றை வாங்கி ஓட்டிப் பார்க்க எங்கே தொடங்குவது?” இவைதாம் கேள்விகள்.

எல்லாம் நகல் என்பது தவறு. எல்லாம் சொந்தம் என்று சில ரஷ்ய ஆர்வலர்கள் சொல்வது அதைவிடப் பெரிய தவறு. நகல் என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறு வேலைகளைப் போட்டு அடைத்துவிடுகிறோம். வெளிநாட்டுச் சில்லின் கால் (பின்) அமைப்பு, கட்டளைகள் எல்லாவற்றையும் அப்படியே பின்பற்றுவது ஒன்று. கட்டளைத் தொகுதியை மட்டும் கடன் வாங்கி, உள்ளே இருக்கும் சுற்று முழுவதையும் தாங்களே வரைவது இன்னொன்று. வேறு நாட்டில் செய்த சிலிக்கனைத் தங்கள் உறையில் போட்டுத் தங்கள் எண்ணை அச்சடிப்பது மூன்றாவது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு பிளாஸ்டிக்தான். எது எந்த வகை என்பதை உறையைத் திறந்து சிலிக்கனைப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும். ஆர்வலர்கள் செய்யும் ஆராய்ச்சியின் மதிப்பு இதில்தான் இருக்கிறது.

முதல் வகைக்குச் சரியான எடுத்துக்காட்டு 580 வரிசை. கியேவின் கிறிஸ்டல் நிறுவனத்தில் உருவானது. 1970களின் இறுதியில் கே580ஐகே80 என்ற பெயரில் 48 கால் உறையில் வந்தது. பிறகு இன்டெல் 8080ஏவின் கால் வரிசைக்கே மாறி, 40 காலுடன் கேஆர்580விஎம்80ஏ ஆனது. அதன் துணைச் சில்லுகளும் எண்ணிலேயே தங்கள் மூலத்தைச் சொல்லும்: விவி51ஏ என்றால் இன்டெல் 8251, விஐ53 என்றால் 8253, விவி55ஏ என்றால் 8255, விடி57 என்றால் 8257. சோவியத் வீடுகளுக்குக் கணினி வந்த வழி இந்தச் சில்லுதான். ‘ராடியோ’ இதழ் 1980களின் தொடக்கத்தில் மைக்ரோ-80 கணினியின் வரைபடத்தை வெளியிட்டது. 1986இல் ராடியோ-86ஆர்கே வந்தது. பின்னது 29 சில்லுகளில் அடங்கிவிட்டது. 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை ஒன்பதால் வகுத்து 1.78 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. திரைக்குத் தரவு அனுப்புவதும் நினைவகத்தைப் புதுப்பிப்பதும் டிஎம்ஏ சில்லின் (நுண்செயலியின் உதவியின்றி நினைவகத்தைத் தானே அணுகும் சில்லு) பொறுப்பில் இருந்ததால், நுண்செயலிக்கு உண்மையில் கிடைத்த நேரம் அதைவிடக் குறைவு. இதைக் கட்ட முயன்ற பலரைத் தடுத்தது நுண்செயலி அல்ல. கடையில் கிடைக்காத விஜி75 என்ற திரைக் கட்டுப்பாட்டுச் சில்லு.

நகல் எடுப்பது சுலபமான வேலை என்ற எண்ணமும் சரியல்ல. இன்டெல் சில்லின் படத்தை எடுத்து அப்படியே முகமூடி (சுற்றின் வடிவத்தைச் சிலிக்கனில் பதிக்க உதவும் அச்சு) செய்தால் சில்லு ஓடாது. ஆக்சைடின் தடிமன், டிரான்சிஸ்டர் திறக்கும் மின்னழுத்தம், கசியும் மின்னோட்டம் எல்லாம் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை வேறு. உங்கள் ஆலையின் முறைக்கு ஏற்ப ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் அகலத்தையும் நீளத்தையும் மறுபடி கணக்கிட வேண்டும். அதற்கு முதலில் சுற்று முழுவதும் புரிந்திருக்க வேண்டும்.

1801 வரிசையின் கதை வேறு; இந்த விஷயத்தில் மிகவும் சுவையான பகுதியும் இதுதான். மாஸ்கோவை ஒட்டிய ஜெலனோகிராதில் தாவ்லெத் யூதித்ஸ்கி தலைமையில் ஒரு குழு, எலெக்ட்ரோனிகா என்ட்ஸ் என்ற சொந்தக் கணினிக் கட்டமைப்பை 1970களில் வளர்த்தது. 1976இல் அந்த மையம் கலைக்கப்பட்டு வேறு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டாலும் வேலை நின்றுவிடவில்லை. அதே என்ட்ஸ் கட்டளைகளோடு கே1801விஇ1 என்ற ஒற்றைச் சில்லுக் கணினி வந்தது. சிறிய நினைவகமும் ஒரு டைமரும் அதற்குள்ளேயே இருந்தன. அதற்குப் பிறகு மேலிடத்து முடிவு மாறியது. அமெரிக்காவின் டெக் நிறுவனத்தின் பிடிபி-11 கணினிக்கு எழுதப்பட்ட மென்பொருள் ஏராளமாக இருந்தது; அதன் ஆர்டி-11 இயங்குதளத்துக்கு ராஃபோஸ், ஃபோடோஸ் என்று சோவியத் வடிவங்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஆகவே அதே சிலிக்கன் அடித்தளத்தில் நுண்நிரலை (ஒவ்வொரு கட்டளையையும் எப்படிச் செய்வது என்று சில்லுக்குள்ளேயே பதித்த நிரல்) மாற்றி, பிடிபி-11 கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் கே1801விஎம்1 செய்யப்பட்டது. டெக் நிறுவனத்திடம் இப்படி ஒரு சில்லு இல்லவே இல்லை. கட்டளைகள் கடன் வாங்கியவை; சில்லு சொந்தம்.

இதற்கான தடயத்தைச் சில்லைத் திறக்காமலேயே பார்க்கலாம். விஎம்1இல் எட்டடிமான எண்ணில் 177706, 177710, 177712 ஆகிய முகவரிகளில் ஒரு டைமர் ஒளிந்திருக்கிறது. பிடிபி-11இல் இப்படி ஒன்று கிடையாது. விஇ1இலிருந்து அப்படியே தங்கிவிட்ட உறுப்பு அது. நுண்செயலியின் கடிகாரத்தை 128ஆல் வகுத்து எண்ணும். தேவைப்பட்டால் மேலும் 4, 16 என்றும் வகுக்கலாம். எலெக்ட்ரோனிகா பிகே-0010 வீட்டுக் கணினியில் நுண்செயலி 3 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதால், டைமரின் ஒரு எண்ணிக்கைக்கு ஏறக்குறைய 42.7 மைக்ரோவினாடி ஆகிறது. விளையாட்டு எழுதியவர்கள் இதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்திக்கொண்டார்கள். பிற்காலத்தில் சிலிக்கனைப் படித்தவர்கள், அந்த டைமர் ஏன் அங்கே இருக்கிறது என்பதையும் விளக்கினார்கள்.

அடுத்து வந்த விஎம்2 சாதாரண 40 கால் உறைக்கு மாறியது. எலெக்ட்ரோனிகா எம்எஸ்-0511 என்ற பள்ளிக் கணினியில் இரண்டு விஎம்2 இருந்தன: முதன்மை நுண்செயலி 8 மெகாஹெர்ட்ஸிலும், திரை, விசைப்பலகை முதலியவற்றைக் கவனிக்கும் இரண்டாவது 6.25 மெகாஹெர்ட்ஸிலும் ஓடின. இந்த வரிசையில் ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரிய சவாலாக இருந்தது விபி1 என்ற உறுப்பு. அது ஒரே சில்லு அல்ல. ஒரே அடித்தளத்தில் இணைப்பு அடுக்கை மட்டும் மாற்றிச் செய்த பல சில்லுகளின் குடும்பம். பின்னொட்டு எண்தான் வேலையைச் சொல்லும்: 014 விசைப்பலகை, 037 பிகே கணினியின் திரை, 065 தொடர்முறைத் தொடர்பு, 128 வட்டு இயக்கி. பழுதான பலகைக்கு மாற்று வாங்கும்போது இந்த மூன்று இலக்கத்தைப் பார்க்காமல் விபி1 என்று மட்டும் பார்த்து வாங்கினால் பணம் வீண்.

மூன்றாம் வகைக்கு வருவோம். கேஆர்1858விஎம்1 என்பது சைலாக் இசட்80க்கு ஈடு. உறையைத் திறந்தால் சிலிக்கனில் யு880 என்ற குறி தெரிகிறது. கிழக்கு ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில் செய்த இசட்80 ஈடு அது. யு880 கட்டளைக்குக் கட்டளை இசட்80 போலவே நடக்கும். தரவை வெளியே அனுப்பும் ஓயுடிஐ கட்டளைக்குப் பின் கேரி கொடி (கணக்கில் மிஞ்சும் இலக்கத்தைக் காட்டும் ஒரு பிட்) நடந்துகொள்வதில் மட்டும் ஒரு சிறு வேறுபாடு உண்டு. இசட்80 வகைகளைப் பிரித்தறியும் சோதனை நிரல்கள் இந்த ஒரு பிட்டை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

சோவியத் பொறியாளர்கள் மேலைச் சில்லுகளைப் படிக்கிறார்கள் என்பது மறுபக்கத்துக்கும் தெரிந்தே இருந்தது. டெக் நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் செய்த சிவேக்ஸ் நுண்செயலியின் சிலிக்கனில், திருடுவதென்றால் மிகச் சிறந்ததையே திருடுங்கள் என்ற பொருளில் கொச்சையான ரஷ்ய மொழியில் ஒரு வரி பொறிக்கப்பட்டிருக்கிறது. நுண்ணோக்கி வைத்திருப்பவர் மட்டுமே படிக்கக்கூடிய வரி.

இந்த மூன்றிலும் சேராத ஒன்றையும் சொல்ல வேண்டும். பி3-34, எம்கே-61 போன்ற நிரல் எழுதக்கூடிய கால்குலேட்டர்களில் இருந்த கே145ஐகே13 குடும்பம் அது. ஐகே1306 என்ற சில்லு கூடுதலாகச் சேர்ந்ததால் எம்கே-61இல் நிரல் படிகள் 98லிருந்து 105 ஆகவும், பதிவேடுகள் 14லிருந்து 15 ஆகவும் உயர்ந்தன. கையேட்டில் இல்லாத நடத்தைகளை, பிழைச் செய்தியை வேண்டுமென்றே வரவழைத்து, அடுத்து எந்த விசைக்கு என்ன நடக்கிறது என்று அட்டவணை போட்டே கண்டுபிடித்த பெரிய கூட்டம் சோவியத் நாட்டில் இருந்தது. சில்லைத் தொடாமல் வெளியிலிருந்தே ஆராய்ந்த முதல் தலைமுறை அவர்கள்தாம். இன்றைய ஆராய்ச்சியாளர்களுக்கு முன்னோடிகள் என்று அவர்களைச் சொல்வதில் மிகையில்லை.

இன்றைய வேலை எப்படி நடக்கிறது? முதல் படி உறை நீக்கம். பீங்கான் உறையில் உலோக மூடி இருந்தால், கூரான கத்தியை ஓரத்தில் நுழைத்து நெம்பினாலே போதும். சிலிக்கனுக்குச் சேதம் வராது. பிளாஸ்டிக் உறைக்குச் சூடான அடர் கந்தக அமிலம் அல்லது புகையும் நைட்ரிக் அமிலம் தேவை. புகையிழுக்கும் அறை இல்லாமல் வீட்டில் அதைச் செய்யவே கூடாது. சால்டர் வேலைக்குப் பயன்படும் ரோசினைக் கொதிக்கவைத்து அதில் சில்லைப் போட்டுப் பிளாஸ்டிக்கை இளக்கும் முறையும் உண்டு. மெதுவானது, தீப்பிடிக்கக்கூடியது, புகை தொண்டையை அறுக்கும். திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். பிறகு அசிட்டோனில் கழுவ வேண்டும். ரோசின் முழுதாகப் போகாமல் மேலே படலமாக நின்றால் படம் முழுக்க மங்கிவிடும். இந்தக் கட்டத்தில் அதிகமாக நடக்கும் தவறு இதுதான்.

அடுத்தது படம். சிலிக்கன் ஒளி ஊடுருவாத பொருள். பள்ளி ஆய்வகத்தில் கீழிருந்து ஒளி வரும் நுண்ணோக்கியால் பயனில்லை. மேலிருந்து, லென்ஸ் வழியாகவே ஒளி பாய்ச்சும் உலோகவியல் நுண்ணோக்கி வேண்டும். நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றோடொன்று மேற்பொருந்தும்படி எடுத்து மென்பொருளால் தைக்கிறார்கள். நினைவக வரிசை போல ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் மென்பொருள் ஏமாந்து ஒரு வரிசையை விழுங்கிவிடும். ஆகவே அந்த இடங்களில் தையலைக் கையால் சரிபார்க்க வேண்டும். பிறகு அலுமினிய அடுக்கை அமிலத்தால் நீக்கி, அடியில் உள்ள பாலிசிலிக்கன் கோடுகளையும், சிலிக்கனில் வேற்றுப்பொருள் கலந்த டிஃப்யூஷன் பகுதியையும் மறுபடி படம் எடுக்கிறார்கள். ஒரே ஒரு சில்லை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கினால், அடுக்கை நீக்கும்போது ஏதேனும் தவறினால் திரும்ப வழியில்லை. ஒரே தேதிக் குறி உள்ள மூன்று நான்கு சில்லுகளை முதலிலேயே வாங்கிவிடுவது நல்லது.

உழைப்பைத் தின்னும் பகுதி இதற்குப் பிறகு வருவது. ஒவ்வொரு அடுக்கையும் கணினியில் கோடு கோடாக வரைந்து, எங்கே பாலிசிலிக்கன் டிஃப்யூஷனைக் கடக்கிறதோ அங்கே ஒரு டிரான்சிஸ்டர் என்று குறித்து, இணைப்புப் பட்டியல் எடுத்து, அதிலிருந்து லாஜிக் கேட்டுகளை அடையாளம் கண்டு, கடைசியில் மின்சுற்றை எழுத்தில் விவரிக்கும் வெரிலாக் மொழியில் எழுதுகிறார்கள். அந்த வெரிலாக்கை எஃப்பிஜிஏ (விரும்பிய சுற்றாக மாற்றியமைக்கக்கூடிய சில்லு) பலகையில் ஏற்றி, உண்மையான சில்லுக்கும் அதற்கும் ஒரே உள்ளீட்டைக் கொடுத்து, கடிகாரத் துடிப்புக்குத் துடிப்பு ஒப்பிடுகிறார்கள். கேஆர்580விஎம்80ஏவுக்கு இது முழுமையாக முடிந்திருக்கிறது. பல இடங்களில் 4500 என்றும் 6000 என்றும் எழுதிவந்த டிரான்சிஸ்டர் எண்ணிக்கை, ஒவ்வொன்றாக எண்ணியபோது 4758 என்று வந்தது. 1801 வரிசையின் விஎம்1, விஎம்2, விஎம்3 மூன்றுக்கும், பல விபி1 வகைகளுக்கும் இப்படி எடுத்த மாதிரிகள் பொதுவில் கிடைக்கின்றன. என் பார்வையில், கையேடுகளையும் நினைவுக்குறிப்புகளையும்விட நம்பத்தகுந்த வரலாற்று ஆவணம் இந்த வெரிலாக் கோப்புகள்தாம். அவற்றை யார் வேண்டுமானாலும் ஓட்டிச் சரிபார்க்கலாம்.

இனி, வாங்கி ஓட்டுவது. தொடங்குவதற்குக் கேஆர்580விஎம்80ஏவே சரியானது. மலிவு, நிறையக் கிடைக்கிறது, ஆவணங்களும் உண்டு. தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். உறையில் அச்சிட்டிருப்பது ரஷ்ய எழுத்து. அதை ஆங்கில எழுத்தாகப் படித்த விற்பனையாளர்கள் கேபி580பிஎம்80ஏ என்று பட்டியலிடுவார்கள். இரண்டு வடிவத்திலும் தேடுங்கள். முன்னால் உள்ள கே பொதுப் பயன்பாட்டுக்கான சில்லு என்பதைக் காட்டும். அந்த எழுத்தே இல்லாவிட்டால் ராணுவத் தர வகை. கேஆர் என்றால் பிளாஸ்டிக், கேஎம் என்றால் பீங்கான். நான்கு இலக்கத் தேதிக் குறியில் முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு பெரும்பாலும் மாதம். கடைசி இரண்டும் 12ஐத் தாண்டினால் அது வாரம். தங்கத்துக்காகச் சில்லுகளை வாங்கி உருக்கும் வியாபாரம் இன்னும் நடப்பதால், தங்கம் பூசிய பீங்கான் உறைகள் ஆண்டுக்கு ஆண்டு அரிதாகின்றன. ஆரம்பச் சோதனைகளுக்கு அவற்றை வீணாக்க வேண்டாம்.

முதல் சிக்கல் சாக்கெட். சோவியத் கால் இடைவெளி 2.5 மில்லிமீட்டர், நமக்குக் கிடைக்கும் சாக்கெட்டில் 2.54. நாற்பது கால் சில்லில் ஒரு பக்கம் 19 இடைவெளிகள், ஆக மொத்த வேறுபாடு 0.76 மில்லிமீட்டர். நடுக்காலைச் சரியாகப் பொருத்தினால் இரு முனைகளிலும் 0.38 மில்லிமீட்டர் விலகும். தகடு வைத்த சாதாரண சாக்கெட் இதைத் தாங்கும். வட்டத் துளை சாக்கெட்டில் அழுத்தினால் முனைக் கால்கள் மடங்கும். ஏற்றுமதிக்காகச் செய்த வகைகளில் 2.54 இடைவெளியே இருக்கும்.

இரண்டாவது மின்சாரம். சில்லுக்கு மூன்று மின்னழுத்தங்கள் வேண்டும்: 20ஆம் காலில் +5, 28ஆம் காலில் +12, 11ஆம் காலில் −5 வோல்ட். தரை (கிரவுண்ட்) 2ஆம் கால். −5 முதலில் வர வேண்டும், கடைசியில் போக வேண்டும். சிலிக்கன் அடித்தளத்துக்குப் போகும் மின்னழுத்தம் அது; அது இல்லாமல் +12 வந்தால் உள்ளே மின்னோட்டம் கட்டுப்பாடின்றி ஓடிச் சில்லு செத்துவிடும். −5க்கு ஒரு மில்லிஆம்பியர்கூடத் தேவைப்படாது என்பதால் பலர் மின்னழுத்தத்தைத் தலைகீழாக்கும் ஐசிஎல்7660 சில்லை வைத்து +5லிருந்தே எடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் +12ஐ ஒரு டிரான்சிஸ்டர் வழியே தாமதப்படுத்திக் கொடுங்கள். −12 உள்ள பவர் சப்ளை இருந்தால் 79எல்05 என்ற ரெகுலேட்டர் போதும். ஒவ்வொரு மின்சாரக் காலுக்கும் அருகில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். சில்லு கை பொறுக்கும் அளவுக்குச் சூடாவது இயல்பு. சில வினாடிகளில் தொட முடியாமல் கொதித்தால் உடனே நிறுத்தி −5ஐப் பாருங்கள்.

மூன்றாவது கடிகாரம். 22, 15ஆம் கால்களுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறாத இரண்டு துடிப்புகள் வேண்டும். அவற்றின் உயரம் குறைந்தது 9 வோல்ட். மைக்ரோகன்ட்ரோலரின் 5 வோல்ட் துடிப்பை நேரடியாகக் கொடுத்து, சில்லு பழுது என்று முடிவுகட்டியவர்கள் பலர். கேஆர்580ஜிஎஃப்24 சில்லும் 18 மெகாஹெர்ட்ஸ் படிகமும் வைத்தால் 2 மெகாஹெர்ட்ஸ் சரியாகக் கிடைக்கும். தொடக்கத்துக்குத் திருப்பும் ரீசெட், காத்திருக்க வைக்கும் ரெடி ஆகிய குறிகள் இரண்டையும் அதே சில்லு ஒழுங்குபடுத்தித் தரும். கடிகாரத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்ட முடியாது. உள் பதிவேடுகள் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்னேற்றத்தால் நிற்பவை. 500 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் அழிந்துவிடும். படிப்படியாக ஓட்ட விரும்பினால் 23ஆம் காலான ரெடியைத் தாழ்த்திக் காத்திருக்க வைப்பதுதான் முறை.

நினைவகம் எதுவும் இல்லாமலே செய்யும் முதல் சோதனை இது. 74எல்எஸ்244 என்ற பஃபர் சில்லு (இணைப்பைத் திறந்து மூடக்கூடியது) அல்லது அதன் சோவியத் ஈடான கே555ஏபி5 எடுங்கள். அதன் எட்டு உள்ளீடுகளையும் தரையில் கட்டி, வெளியீடுகளைத் தரவுக் கால்களோடு சேருங்கள். நுண்செயலியின் 17ஆம் காலில் வரும் டிபின் (தரவைப் படிக்கும் நேரத்தைக் காட்டும்) குறியைத் தலைகீழாக்கி, அதனால் இந்தச் சில்லைத் திறந்து மூடுங்கள். தரவுக் கால்களை நேரடியாகத் தரையில் கட்டக் கூடாது. ஒவ்வொரு சுழற்சியின் தொடக்கத்திலும் நுண்செயலியே அவற்றில் நிலைக் குறியை வெளியிடுகிறது. ஹோல்ட், இன்டரப்ட் கால்களைத் தாழ்த்தி, ரீசெட்டை விடுங்கள். நுண்செயலி பூச்சியத்தை, அதாவது ஒன்றும் செய்யாக் கட்டளையை, படித்துக்கொண்டே முகவரிகளை எண்ணிப் போகும். கட்டளைக்கு நான்கு துடிப்பு. ஆகவே 2 மெகாஹெர்ட்ஸில் ஏ0 காலில் 250 கிலோஹெர்ட்ஸ் தெரியும், ஏ15 காலில் வினாடிக்கு ஏறக்குறைய 7.6 முறை. ஏ15இல் ஒரு பஃபர் வழியே எல்இடி வைத்தால் கண்ணாலேயே பார்க்கலாம். நேரடியாக வைக்காதீர்கள், இதன் கால்கள் 2 மில்லிஆம்பியரைக்கூட முழுதாகத் தாங்காது.

எல்இடி சிமிட்டாமல் மங்கலாக எரிந்தாலோ முகவரிகள் தாறுமாறாக இருந்தாலோ, எழுதும் குறி வரும் 18ஆம் காலைப் பாருங்கள். இந்தச் சோதனையில் எழுதும் துடிப்பு ஒன்றுகூட வரக் கூடாது. வந்தால், நுண்செயலி பூச்சியத்துக்குப் பதில் எல்லாம் ஒன்று என்று படிக்கிறது. அது ஆர்எஸ்டி 7 கட்டளை. திரும்பத் திரும்ப 0038 முகவரிக்குத் தாவி, ஒவ்வொரு முறையும் திரும்பும் முகவரியை நினைவகத்தின் அடுக்கில் (ஸ்டேக்) எழுதும். டிபின் தலைகீழாகாமல் போயிருப்பதே பெரும்பாலும் காரணம்.

இது சரியாக ஓடினால் ஈப்ராம் (அழித்து மீண்டும் எழுதக்கூடிய நிரந்தர நினைவகச் சில்லு) சேர்த்துச் சொந்த நிரலை ஓட்டலாம். அதற்கு இன்றைய ஈப்ராமோ ஃப்ளாஷோ பயன்படுத்துங்கள். கே573ஆர்எஃப்2, ஆர்எஃப்5 போன்ற பழைய சோவியத் ஈப்ராம்கள் தரவை இழக்கின்றன. கேஆர்556ஆர்டி என்ற ப்ராம் (ஒரே முறை எழுதக்கூடிய நினைவகச் சில்லு) வகையில் எரித்துத் துண்டித்த இணைப்புகள் காலப்போக்கில் மீண்டும் ஒட்டிக்கொள்வதும் உண்டு. பழைய கருவி ஒன்று கைக்கு வந்தால், மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே அதிலுள்ள ஈப்ராம்களையும் ப்ராம்களையும் கழற்றிப் படித்துச் சேமித்துவிடுங்கள். வேறு எங்கும் பிரதி இல்லாத நிரலாக அது இருக்கலாம்.

1801க்குப் போக விரும்பினால் விஎம்2இல் தொடங்குங்கள். விஎம்1 தட்டையான 42 கால் உறையில் வருவதால் அதற்கென்று பலகை செய்ய வேண்டும். இரண்டுக்கும் +5 மட்டும் போதும் என்பது வசதி. ஆனால் முகவரியும் தரவும் ஒரே கால்களில், தலைகீழ் நிலையில் வரும். ஒவ்வொரு படிப்புக்கும் பதில் வந்துவிட்டது என்ற குறியை நீங்கள் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் சிறிது நேரம் காத்திருந்து 4ஆம் முகவரியின் பிழைக் கையாளிக்குத் தாவிவிடும். கே1801ஆர்இ2 ரோம் சில்லு இந்தப் பாதையை நேரடியாகப் புரிந்துகொண்டு பதில் குறியையும் தானே தரும். பழைய பலகையிலிருந்து எடுத்த ஓர் ஆர்இ2வும் ஒரு விஎம்2வும் வைத்துக்கொண்டு தொடங்குவதே குறைந்த கம்பிகளில் முடியும் வழி.